கூட்டத்தின் மேல் சாட்டிய குற்றம்

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டு வீடுகளில் மாலைச் செய்தி என்றால் அது ஓர் எண்தான். சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் தொலைக்காட்சியில் தோன்றி, இன்று புதிதாக இத்தனை பேர், அதில் சென்னையில் இத்தனை பேர் என்று வாசிப்பார். ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் 110. ஜூன் முடிவில் சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். எண் ஏற ஏற, அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்றே ஒன்றாகக் குறுகிக்கொண்டு வந்தது: ஜனங்களுக்குப் பொறுப்பு இல்லை. மேடையில் இருந்தவர்களும் சொன்னார்கள், வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்தவர்களும் சொன்னார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் காசிமேட்டு மீன் சந்தைப் படங்களோடு அது சுற்றியது. 2021 மே 21 அன்று மாநிலத்தின் ஒரு நாள் தொற்று 36,184ஐ எட்டியபோதும் விளக்கம் மாறவில்லை. நோய் வடிந்த பிறகும் அது அப்படியே நிற்கிறது. கொரோனா காலத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் வந்துவிடுகிறது.

இதை எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும். அடுத்த தொற்று வரும்போது அரசு கையில் எதை எடுக்கும் என்பது இந்தத் தீர்ப்பைப் பொறுத்தது. மக்கள் பொறுப்பற்றவர்கள் என்று முடிவு கட்டிவிட்டால் தடுப்பரணும் லத்தியும் போதும். அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று என்று தெரிந்தால் செய்ய வேண்டியது வேறு, அதற்குச் செலவும் உழைப்பும் கூடுதல்.

ஒருவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்வதற்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். அந்தச் செயலைச் செய்த நாளில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது? வேறு வழி ஏதும் அவருக்குத் திறந்திருந்ததா? செயலின் கேடு அவர் தலையிலேயே விழுந்ததா, அடுத்தவர் தலையிலா? இன்று நமக்குத் தெரிந்ததை வைத்து அன்று நடந்ததை அளப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. சென்னையையும் அதைச் சுற்றி நடந்தவற்றையுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். குற்றச்சாட்டு அதிகம் விழுந்தது அந்த நகரத்தின் மேல்தான்.

முதலில் கூட்டம். 2020 ஏப்ரல் 24 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது. நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று காலை நகரம் முழுவதும் கடைவாசலில் நின்றது. கோயம்பேடு மொத்தச் சந்தையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு காய்கறி வாங்கினார்கள். ஊடகங்கள் அந்தப் படங்களை நாள் முழுவதும் காட்டின. பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு சராசரிக் குடும்பத்துக்கு என்ன வழி இருந்தது? நான்கு நாளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தைக்குப் பால் பவுடர், பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் கையில் காசும் வைத்திருப்பவருக்கு ஏற்கெனவே ஒரு வாரத்துச் சாமான் வீட்டில் இருக்கும். அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைப்பவருக்கு இல்லை. வெளியே போனால் தொற்று வரலாம், போகாவிட்டால் அடுப்பு எரியாது. தொற்று வரலாம் என்பது ஐயம், அடுப்பு எரியாது என்பது நிச்சயம். எந்தத் தாயும் நிச்சயத்தைத்தான் முதலில் பார்ப்பாள். இதில் பொறுப்பின்மை எங்கே இருக்கிறது? அறிவிப்பே அந்தக் கூட்டத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தது.

கோயம்பேடு தனியாகப் பேச வேண்டியது. அங்கிருந்து தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று மாவட்டம் மாவட்டமாகப் போனது உண்மை. மே 5 அன்று சந்தையை மூடி, பிறகு மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். வியாபாரிகளை முன்பே இடம் மாறச் சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை என்றது அரசு. இந்தப் பழியில் ஒரு பங்கு வியாபாரிகளின் சங்கங்களுக்கு உண்டு. அவர்களுக்கு ஆபத்து தெரிந்திருந்தது, சந்தையைப் பிரிக்க மாற்று யோசனையும் முன்னால் இருந்தது. ஆனால் மாவட்டங்களுக்குத் திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் சங்கத் தலைவர்கள் இல்லை. மூட்டை தூக்கியவர்கள், சந்தைக்குள்ளேயே படுத்து எழுந்தவர்கள். சந்தை மூடியதும் படுக்கும் இடமும் போயிற்று. கிடைத்த லாரியில் ஏறி ஊர் போனார்கள். இரு சாராரையும் ஒரே சொல்லில் கட்டி, எல்லோரும் பொறுப்பில்லாதவர்கள் என்பது சோம்பேறித்தனமான தீர்ப்பு.

ஓராண்டு கழிந்தது, ஆட்சி மாறியது. 2021 மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்று அறிவித்தபோது, மே 22, 23 இரு நாளும் கடைகள் இரவு வரை திறந்திருக்கும், வெளியூர்ப் பேருந்துகள் ஓடும் என்றார்கள். மறுபடி அதே கூட்டம், மறுபடி அதே படங்கள். காலமும் ஆளும் கட்சியும் மாறியும் விளைவு மாறவில்லை என்றால் காரணம் மக்களின் குணத்தில் இல்லை, அறிவிப்பின் அமைப்பில் இருக்கிறது.

முன்னறிவிப்பே கொடுக்காமல் இருந்தால் கூட்டம் வராதே என்று கேட்கலாம். அதையும் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நான்கு மணி நேரத்தில் நாடு அடைபட்டது. அன்றிரவே தெருக்கள் நிரம்பின. அடுத்த வாரங்களில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். ஆக, காலக்கெடு நீளமா குறுகலா என்பது பிரச்சினையில்லை. வீட்டில் இருப்பவருக்குச் சாமான் எப்படி வரும் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இது தெரியாத மாநிலமும் இல்லை இது. 2020இல் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தபோதும், 2021இல் இரண்டாயிரமாக இரண்டு தவணை கொடுத்தபோதும், நாளும் நேரமும் எழுதிய டோக்கனை முன்கூட்டியே கொடுத்துத்தான் ரேஷன் கடைக்கு வரச் சொன்னார்கள். வரிசை சுருங்கியது. நிர்வாகம் வரிசையைக் கட்டுப்படுத்த நினைத்த இடத்தில் அதே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

டாஸ்மாக் கூட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2020 மே 7 அன்று சென்னை தவிர மற்ற இடங்களில் கடையைத் திறந்தது அரசு. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை கொடுத்தது, கடைகள் மறுபடி திறந்தன. நாற்பது நாளுக்கு மேல் மூடிய கடையைத் திறந்தால் என்ன ஆகும் என்று கடை வைத்திருந்தவருக்குத் தெரியாதா? வரிசையில் நின்றவரை ஏசியவர்கள், வரிசைக்கு நாள் குறித்தவரை விட்டுவிட்டார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது ரெம்டெசிவிர் வரிசை. 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அந்த மருந்தை அரசே விற்கத் தொடங்கியது. விடிய விடிய ஆட்கள் நின்றார்கள். கையில் மருத்துவச் சீட்டு, நோயாளியின் ஆதார் நகல், சிடி ஸ்கேன் அறிக்கை. உள்ளே ஒரு மருத்துவமனையில் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார், மகன் இங்கே வெயிலில் நிற்பான். அவனுக்கே தொற்று இருந்திருக்கலாம். கூட்டம் தாங்காமல் மே நடுவில் விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே கூட்டம் இன்னும் பெருகியது. பிறகுதான் மருந்தைத் தனியார் மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

அந்த மருந்து உயிரைக் காக்கும் என்பதற்கு அன்று என்ன சான்று இருந்தது? உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய சாலிடாரிட்டி ஆய்வின் இடைக்கால முடிவு 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. மரணத்தைக் குறைப்பதில் அந்த மருந்துக்குப் பயன் சிறிதளவே, அல்லது இல்லை என்றது அது. நவம்பரில் அந்த நிறுவனம் மருத்துவமனை நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. ஐந்து மாதம் கழித்து அதே மருந்துக்காகச் சென்னையில் உயிரைப் பணயம் வைத்து நின்றார்கள். நின்றவருக்கு சாலிடாரிட்டி ஆய்வு தெரிந்திருக்க வேண்டியதில்லை. சீட்டு எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியில் போய் வாங்கி வா என்று அனுப்பிய மருத்துவமனைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்பனைக்கூடம் திறந்த அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயனில்லை என்று நேரடியாகச் சொன்னால் அரசு மருந்தை மறைக்கிறது என்ற கூச்சல் வரும், அதனால் விற்றார்கள் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தப் புரிதலின் விலையை வரிசையில் நின்றவன் கொடுத்தான். இந்தக் காட்சியை மக்களின் பீதி என்று தலைப்பிட்டு எழுதியது பெரும் அநீதி. மருத்துவர் சொல்கேட்டு நடந்ததற்குப் பெயர் பீதி இல்லை.

அடுத்த குற்றச்சாட்டு, நோயை மறைத்தார்கள் என்பது. மறைத்தார்கள்தான். காய்ச்சலை வெளியே சொல்லவில்லை, சோதனைக்கு வரவில்லை, தவறான முகவரி கொடுத்தார்கள். இதனால் அடுத்தவருக்கும் கேடு வந்தது, மறுக்க முடியாது. ஆனால் சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். தொற்று உறுதியானதும் வாசலில் ஸ்டிக்கர். பிறகு தெருவுக்கோ வீட்டுக்கோ தகரத் தடுப்பு. ஆம்புலன்ஸ் வரும்போது தெருவே மாடியில் நின்று பார்க்கும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் வாசலில் தகரம் அடித்தால், அவள் குணமான பிறகும் அவளுக்கு வேலை திரும்பாது. வாடகை வீட்டுக்காரருக்கு வீடே போகலாம். இப்படிப்பட்ட விலை வைத்த பிறகு உண்மையைச் சொல் என்று கேட்பது எளிதில்லை.

நம் ஊரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதுவும் அடையாளம்தான், அதுவும் ஒதுக்கிவைத்தல்தான். ஆனால் அதை அந்த வீட்டார் தாங்களே செருகினார்கள். அம்மன் வந்திருக்கிறாள் என்று சொன்னதில் நோயாளிக்கு ஒரு மரியாதை இருந்தது. அக்கம்பக்கத்தார் வாசலோடு நின்று, வேண்டியதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வழக்கத்தின் மருத்துவ அறிவை நான் பெரிதாகச் சொல்லவில்லை. நோயாளியைக் குற்றவாளியாக்காமல் விலக்கி வைக்க முடியும் என்று இந்தச் சமூகத்துக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். தகரம் அதை ஒரு வாரத்தில் மறக்கடித்தது.

மறைப்பது புதிய பழக்கமும் இல்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தபோது நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் புகுந்தது அரசு. ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், பெருந்திரளாக நகரத்தை விட்டு ஓடினார்கள். புனாவில் சிப்பாய்கள் வீட்டுக்குள் நுழைந்து நடத்திய சோதனையின் கசப்பு, 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்படுவதில் போய் முடிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வெள்ளை அரசு இயற்றிய தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020இலும் நாடு எடுத்துப் பயன்படுத்தியது. சட்டத்தோடு அது விளைவிக்கும் அச்சமும் கூடவே வந்ததில் வியப்பில்லை.

எண்ணை நம்பவில்லை என்பதும் மக்கள் மேல் வைத்த குறைதான். சாவைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று சுடுகாட்டுக்குப் போய்வந்தவர்கள் பேசினார்கள், அவர்களை வதந்தி பரப்புகிறவர்கள் என்றார்கள். 2020 ஜூலை 22 அன்று அரசே சென்னையில் கணக்கில் விடுபட்ட 444 மரணங்களைச் சேர்த்து அறிவித்தது. சேர்த்ததைப் பாராட்ட வேண்டும், பல மாநிலங்கள் அதையும் செய்யவில்லை. ஆனால் வதந்தி என்று ஒதுக்கிய பேச்சில் உண்மை இருந்தது என்பது அன்று பதிவாகிவிட்டது. அதே மாதம் சென்னை மாநகராட்சிப் பகுதியில் 12,405 பேரிடம் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 21.5 விழுக்காட்டினருக்கு நோய் ஏற்கெனவே வந்து போயிருந்தது. நகரத்தின் மக்கள்தொகையோடு பெருக்கினால் பதினைந்து லட்சத்துக்கும் மேல். கணக்கில் ஏறியிருந்த தொற்றோ அப்போது ஒரு லட்சத்தை ஒட்டித்தான். பதினைந்தில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது என்றால், யாரால் வந்தது என்று தேடிப் பழி சொன்ன அத்தனை பேச்சுக்கும் அடியில் தரையே இல்லை.

நோயை மறைத்ததாகச் சொல்லப்பட்ட அதே சென்னையில் அதே 2020 கோடையில் தெருமுனைப் பந்தலில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். மேசை, நாற்காலி, ஒரு மருத்துவர், ஒரு அண்டா கபசுரக் குடிநீர். கசாயத்துக்குக் கொரோனாவைத் தடுக்கும் ஆற்றல் உண்டா என்பது வேறு வழக்கு. அது இருந்ததால் ஒருவர் நோயாளி என்ற பெயர் வாங்காமலே முகாமுக்கு வர முடிந்தது, வந்த இடத்தில் காய்ச்சலைச் சொல்ல முடிந்தது. தகரத்துக்கு ஒளிந்தவர்கள் பந்தலுக்கு வந்தார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து மக்கள் மேல் தப்பே இல்லை என்று முடித்துவிட்டால் அதுவும் பொய்யாகிவிடும். 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் மாநிலத்தின் நாள் தொற்று ஐந்நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. முகக்கவசம் தாடைக்கு வந்து, பிறகு பையில் போயிற்று. கல்யாண மண்டபங்கள் நிரம்பின. இந்த முறை தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஓராண்டு முழுக்க நோயைப் பார்த்தாயிற்று, ஐரோப்பாவில் இரண்டாம் அலை வந்ததையும் பார்த்தாயிற்று. வேறு வழியும் இருந்தது. நூறு பேரைக் கூப்பிட வேண்டிய கல்யாணத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிடும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேடு மண்டபத்துக்கு வந்த முதியவர்கள் மேல் விழுந்தது. மூன்று கேள்வியிலும் தோற்கிற இடம் இது. இங்கே குற்றச்சாட்டு நிற்கிறது.

ஆனால் பங்கு பிரித்தாக வேண்டும். ஜனவரி 4 அன்று திரையரங்குகளில் நூறு விழுக்காடு இருக்கைகளையும் நிரப்பலாம் என்று மாநில அரசு ஆணையிட்டது. மத்திய அரசு மறுப்புச் சொன்னதால் நான்கு நாளில் பின்வாங்கியது. ஜனவரி கடைசியில் இந்தியா கொரோனாவை அடக்கி உலகத்தையே ஒரு பேரழிவிலிருந்து காத்தது என்று பிரதமர் டாவோஸ் கூட்டத்துக்குச் சொன்னார். மார்ச் 7 அன்று மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், பெருந்தொற்றின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறோம் என்றார். ஏப்ரல் 6 தேர்தலுக்கு எல்லாக் கட்சிகளும் ஆட்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தன. ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையம் ஒன்றே பொறுப்பு என்று வாய்மொழியாகக் கடிந்தார். உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களைக் கடுமையானவை என்றது. நானும் அப்படியே நினைக்கிறேன். ஒருவர் மேல் மட்டும் முழுப் பழியைப் போடுவது, அந்த ஒருவர் ஆணையமாக இருந்தாலும் மக்களாக இருந்தாலும், கணக்கைத் தவறாக்குகிறது. கல்யாண வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு, அவருக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று உறுதி கொடுத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு.

தடுப்பூசித் தயக்கமும் இப்படித்தான் பேசப்பட்டது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழுவின் முடிவு வர அக்டோபர் ஆயிற்று. அந்த ஆறு மாதம் அச்சம் ஊர் ஊராகச் சுற்றியது. அறியாமை என்று சொல்லப்பட்ட அதே ஊர்களில் செப்டம்பர் 12 அன்று முகாம்களைப் பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் கொண்டுபோனபோது ஒரே நாளில் 28.91 லட்சம் பேர் போட்டுக்கொண்டார்கள். இருபது லட்சம்தான் இலக்கு. பிறகு ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்கு ஆள் குறைந்தது. கறி சாப்பிட்டாலோ குடித்தாலோ ஊசி போடக்கூடாது என்ற நம்பிக்கை இருக்கிறது என்று தெரிந்ததும், அமைச்சர் மா. சுப்பிரமணியன் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். அந்த நம்பிக்கைக்கு மருத்துவ அடிப்படை இல்லை. இருந்தும் அதோடு மல்லுக்கு நிற்காமல் நாளை மாற்றியது, அந்த ஈராண்டில் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று என்பேன். ஐந்து மாதத்தில் ஒரு சமூகத்தின் குணம் மாறிவிடாது. ஊசி கிடைத்த இடமும் நாளும்தான் மாறின.

மக்கள் செய்ததில் மன்னிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பொறுப்பின்மை என்று பேசியவர்கள் பெரும்பாலும் பேசாமல் விட்டதும் அதுதான்.

2020 ஏப்ரல் தொடக்கத்தில், தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பின் டெல்லி நிஜாமுதீன் மாநாட்டுக்குப் போய்வந்தவர்களைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். அவர்களிடம் தேடியதால் அவர்களிடம் கிடைத்தது. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்கவில்லை, கிடைக்காததால் அங்கே நோய் இல்லை என்று ஆயிற்று. ஒவ்வொரு மாலையும் எண்ணோடு மாநாட்டின் பெயரும் ஒலித்தது, பிறகு அதை ஒரே மூலத் தொற்று என்று மாற்றிச் சொன்னார்கள். அதற்குள் முஸ்லிம் காய்கறி வண்டிக்காரரைத் தெருவுக்குள் விடாதே என்ற செய்தி எத்தனையோ கைபேசிகளைக் கடந்துவிட்டது. அதை அனுப்பியவருக்கு அடுப்பு எரியாத நெருக்கடி இல்லை, அனுப்பாமல் இருக்க வழியும் இருந்தது. கேடு முழுக்க அடுத்தவர் மேல் விழுந்தது. அந்த ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 31 வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை முடித்து அவர்கள் நாடு திரும்ப வழிசெய்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, அங்கே இருந்தவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே எழுதியது. கைபேசியில் அனுப்பியவர்கள் யாரும் அதைத் திரும்ப அனுப்பியதாகத் தெரியவில்லை.

2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் இந்த நோயால் இறந்தார். முதலில் கொண்டுபோன கல்லறைத் தோட்டத்தருகே கூட்டம் மறித்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையுமாக வந்து தாக்கினார்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்களின் மண்டை உடைந்தது. உடலை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு போலீஸ் துணையோடு திரும்பி வந்து, உடன் வேலை பார்த்த மருத்துவர் தன் கையால் மண்ணைத் தள்ளிப் புதைத்தார். ஏப்ரல் முடிவதற்குள், அடக்கத்தைத் தடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. நடிகர் விஜயகாந்த் தன் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியை அடக்கத்துக்குத் தருகிறேன் என்றார்.

இதை என் மூன்று கேள்விகளால் நேர்மையாக அளக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு என்ன தெரிந்திருந்தது? இறந்தவரின் உடலிலிருந்து நோய் பரவியதாகச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அது அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை. சேர்க்காதது அரசின் பிழை, தொற்றியவரைத் தகரத்துக்குப் பின்னால் வைத்து ஆபத்துப் பொருளாகக் காட்டியதும் அதன் பிழை. ஆனால் விலகி நிற்க வழி இருந்தது, கதவைச் சாத்திக்கொள்ள வழி இருந்தது. அச்சம் ஒருவரை ஓட வைக்கலாம். கட்டையை எடுத்துக்கொண்டு எதிரே வர வைத்தது அச்சத்துக்கு மேலான ஒன்று. பிணத்தின் மேல் கல்லெறிவது தப்பு என்று தெரிந்துகொள்ள யாருக்கும் வைராலஜி வேண்டியதில்லை.

அதே கணக்கில் வைக்க வேண்டியது லத்திக்குக் கிடைத்த கைத்தட்டல். ஊரடங்கின் தொடக்க வாரங்களில் போலீஸ் அடிக்கிற, தோப்புக்கரணம் போட வைக்கிற காட்சிகள் நகைச்சுவை வசனங்களோடு வீடு வீடாகப் போயின. இவர்களுக்கெல்லாம் அடிதான் சரி என்று படித்தவர்கள் எழுதினார்கள். ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்துவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் தந்தையையும் மகனையும் பிடித்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் இருவரும் இறந்தார்கள். போலீசார் மேல் சிபிஐ கொலைக் குற்றம் சாட்டியது. நாடே கொதித்தது, கொதித்ததில் உண்மையும் இருந்தது. ஆனால் மூன்று மாதமாக அந்த லத்திக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது, ஜனங்கள் பொறுப்பற்றவர்கள் என்ற அந்த ஒரே வாக்கியம்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. கூட்டம் கூடினார்கள், ஊரை விட்டு ஓடினார்கள், மருந்துக்கு அலைந்தார்கள், நோயை மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை சாட்சியத்தில் நிற்கவில்லை. அவற்றுக்கு ஆணைகளும் அறிவிப்புகளும் மருத்துவச் சீட்டுகளும் தகரங்களும் பதில் சொல்ல வேண்டும். 2021 மார்ச் மாதத்துக் கல்யாண வீடுகள் ஒரு பங்கை ஏற்க வேண்டும். நோயாளியையும் இறந்தவரையும் ஒரு மதத்தாரையும் விரட்டியது முழுக்க நிற்கிறது. அதைச் செய்தவர்களில் கல்லெடுத்தவர் சிலர்தான். அவர்கள் கைதானார்கள். காலி செய் என்று செவிலியரிடம் சொன்ன வீட்டுக்காரர், காய்கறிக்காரரின் பெயரைக் கேட்டு வாங்கியவர், தகரம் அடித்தது போதாது என்று மாநகராட்சிக்குப் புகார் எழுதிய குடியிருப்புச் சங்கம், இவர்கள் யாரும் எந்த வழக்கிலும் வரவில்லை.

2021 மே மாதத்தில் சுடுகாடுகள் நிரம்பி, உறவினரே உடலைத் தொடத் தயங்கிய நாட்களில், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் தொண்டர்கள் பாதுகாப்பு உடை அணிந்து எல்லா மதத்து உடல்களையும் தூக்கிப்போய் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். பதின்மூன்று மாதங்களுக்கு முன் யாரால் நோய் வந்தது என்று ஊர் பேசியதோ, அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பொறுப்பு என்ற சொல்லை யாருக்குக் கொடுப்பது என்று அந்த மாதம் ஒருவர் கேட்டிருந்தால், செய்தி பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொன்ன நடுக்கூடங்களுக்கு அதைக் கொடுத்திருக்க மாட்டேன்.